இருமுறை சுட்ட சொல்

தேநீருடன் நாம் உண்ணும் பிஸ்கோத்து, தன் பெயருக்குள்ளேயே தன் செய்முறையைத் தாங்கி நிற்கின்றது. இலத்தீன் மொழியில் 'பிஸ்' என்பது இருமுறை. 'கொக்துஸ்' என்பது சமைக்கப்பெற்றது. ஆகவே, இருமுறை சுடப்பெற்றது என்பதே இச்சொல்லின் பொருள்.

ஒருமுறை சுடுதல் ஏன் போதவில்லை? ஒருமுறை சுட்ட ரொட்டியின் உள்ளே ஈரம் எஞ்சும். சின்னாளில் பூசணம் பிடிக்கும். மீண்டும் வெப்பத்திலிட்டு அவ்வீரத்தைப் போக்கினால் பல திங்கள் கெடாதிருக்கும். கடலோடிகளுக்கு இதுவே உற்ற உணவாயிற்று. 1677-இல் ஆங்கிலக் கடற்படையின் உணவளவை வகுத்த சாமுவேல் பீப்ஸ், மாலுமி ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓர் இறாத்தல் பிஸ்கோத்து என வரையறுத்தார்.

பண்டம் கப்பலேறியபோது பெயரும் உடன் பயணம் செய்தது. ஆங்கிலத்தில் இது 'பிஸ்கட்', மலாயில் 'பிஸ்குட்'. ஆனால் தமிழில் வழங்கும் பிஸ்கோத்து, விசுக்கோத்து என்னும் வடிவங்களில் ஓர் ஓகாரம் உள்ளது. ஆங்கிலத்தில் இல்லாத அவ்வொலி, போர்த்துக்கேயரின் 'பிஸ்கோய்து' என்னும் சொல்லில் உண்டு. அவர்கள் 1498-இல் கோழிக்கோட்டை அடைந்தவர்கள். 1511-இல் மலாக்காவைக் கைப்பற்றியவர்கள். அந்நூற்றாண்டிலேயே முத்துக்குளித்துறையிலும் காலூன்றியவர்கள். அலமாரி, சாவி, சன்னல் ஆகிய சொற்களைத் தந்தவர்களிடமிருந்தே இதுவும் வந்தது எனக் கொள்வது பொருத்தமாகும்.

சொல்லைக் கடன் கொள்ளாமல் பொருளை மட்டும் கொண்ட மொழிகளும் உள. செருமானியர் 'ட்ஸ்வீபாக்' என்பர். 'ட்ஸ்வை' இரண்டு, 'பாக்கன்' சுடுதல். தமிழில் அவ்வாறு அமைந்த சொல்லே 'ஈரட்டி'. அடுதல் என்பது சமைத்தல்; அடுப்பும் அடுக்களையும் அடிசிலும் அவ்வேரில் கிளைத்தவை. இருமுறை அடப்பெற்றது ஈரட்டி.

இன்று ஆலைகளில் செய்யப்பெறும் பிஸ்கோத்துகளுள் பெரும்பாலானவை ஒருமுறையே சுடப்படுகின்றன. இருமுறை சுடும் வழக்கம் ரஸ்க்கில் நிலைத்திருக்க, பெயரோ பிஸ்கோத்திடம் தங்கிவிட்டது. செய்முறை மாறினும் சொல் தன் பழைய வரலாற்றை விடவில்லை.

'ஈரட்டி' எனக் கேட்டு நகைக்கும் மாணாக்கரும் உளர். 'பிஸ்கோத்து' அயற்சொல் எனத் திருத்தும் ஆசிரியரும் உளர். இருவரும் இழப்பது ஒன்றே. பிஸ்கோத்து நம் கடற்கரைக்கு வந்த கப்பல்களை நினைவூட்டுகின்றது. ஈரட்டி நம் அடுக்களைச் சொல்லின் ஆக்கவன்மையைக் காட்டுகின்றது. வகுப்பறையில் ஒன்றை அடித்துவிட்டு மற்றொன்றை எழுதாமல், இரண்டையும் கரும்பலகையில் அருகருகே எழுதிப் பொருளை விளக்குவோமாக. எதனை எங்கு வழங்குவது என்பதை மாணாக்கர் அதன்பின் தாமே தெளிவர்.