சேலம் மறைமாவட்டத்தின் வரலாறு

சேலம் மறைமாவட்டம் இலத்தீன் வழிபாட்டு முறையைச் சேர்ந்த கத்தோலிக்க மறைமாவட்டமாகும். இன்றைய சேலம், நாமக்கல் மாவட்டங்கள் இதன் எல்லைக்குள் அடங்கும். தலைமைக் கோவில் சேலம் நகரிலுள்ள குழந்தை இயேசு பேராலயம். மறைமாவட்டம் 1930 இல் உருவானாலும், இப்பகுதியில் கத்தோலிக்கம் அதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே கால் பதித்தது.

மதுரையில் 1606 முதல் பணியாற்றிய இத்தாலிய இயேசு சபைத் துறவி இராபர்ட் தெ நொபிலி, காவியுடை, மரக்கறி உணவு, தமிழ், வடமொழிப் புலமை ஆகியவற்றுடன் உயர்சாதியினரிடம் சமயம் பரப்பினார். கிறித்தவம் அப்போது 'பரங்கி மார்க்கம்' என்று ஒதுக்கப்பட்டிருந்தது. அவரது முறை சரியா என்ற வழக்கு உரோமை வரை சென்றது. 1623 சனவரியில் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி அவருக்குச் சாதகமாக ஆணை வெளியிட்டார். அதே ஆண்டில் நொபிலி வடக்கு நோக்கிப் புறப்பட்டு, இராமச்சந்திர நாயக்கர் ஆண்ட சேந்தமங்கலம் வழியாகச் சேலம் வந்தார்.

சேலத்தில் அவருக்கு வீடு கொடுக்க யாரும் முன்வரவில்லை. பொதுச் சத்திரத்தில் தங்கி நோயுற்றார். பின்னரே நிலைமை மாறியது. ஆட்சியை இழந்து சேலத்தில் வாழ்ந்த திருமங்கல நாயக்கர் அவரிடம் ஈடுபாடு கொண்டு, 1625 கிறித்துமசு நாளில் திருமுழுக்குப் பெற்றார். மோரமங்கலமும் ஒரு பணித்தளமாயிற்று. நாயக்கர்களின் தாய்மொழி தெலுங்கு என்பதால், நொபிலி அம்மொழியையும் அறிந்திருந்தது இங்கே பெரிதும் உதவியிருக்க வேண்டும்.

ஆனால் சாதி விட்டகலவில்லை. உயர்சாதியினருடன் பழகிய துறவியர் மற்றவர்களை வெளிப்படையாக அணுக முடியவில்லை. அதற்காக 1640 முதல் 'பண்டாரசாமிகள்' என்ற தனிப்பிரிவு ஏற்பட்டது. முதலாமவர் பல்தசார் த கோஸ்தா. சிக்கலைத் தீர்க்காமல் சுற்றிச் சென்ற ஏற்பாடு இது.

1773 இல் இயேசு சபை கலைக்கப்பட்டதும், பாரிசு அயல்நாட்டு மறைபரப்புச் சபையார் 1776 இல் பொறுப்பேற்றனர். 1886 இல் புதுச்சேரி உயர்மறைமாவட்டமானது. 1899 இல் கும்பகோணம் அதிலிருந்து பிரிந்தது. இவ்விரண்டின் பகுதிகளைக் கொண்டு 1930 மே 26 அன்று திருத்தந்தை பதினொன்றாம் பயஸ் சேலம் மறைமாவட்டத்தை நிறுவினார். பிரெஞ்சுக்காரரான ஹென்றி புருனியே முதல் ஆயர். அவருக்குப் பின் 1949 இல் பொறுப்பேற்ற வெண்மணி செல்வநாதர், 1973 இல் புதுச்சேரி-கடலூர் பேராயரானார்.

செல்வநாதர் ஆயரான மறு ஆண்டே வெளிவந்த குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதி உரிமையை இந்துக்களுக்கு மட்டும் என வரையறுத்தது. பின்னர் சீக்கியரும் (1956) பௌத்தரும் (1990) சேர்க்கப்பட்டனர்; கிறித்தவர் சேர்க்கப்படவில்லை. கோவிலுக்குள் சாதி வேற்றுமையையும், வெளியே இந்த விலக்கையும் தலித் கத்தோலிக்கர் ஒருசேரச் சந்திக்கின்றனர்.

1997 சனவரியில் நாமக்கல் தனி மாவட்டமானது. ஆயினும் சேலம் ஆயரின் பொறுப்பிலேயே நீடித்தது. அதே மாதம் பிரிந்தது வடபகுதி: பழைய கிறித்தவ ஊரான கோவிலூர் உள்ளிட்ட நிலப்பரப்புடன் தருமபுரி மறைமாவட்டம் உருவானது. சேலத்தில் 2000 முதல் சிங்கராயன் செபஸ்தியானப்பனும், 2021 முதல் அருள்செல்வம் இராயப்பனும் ஆயர் பொறுப்பேற்றனர்.