கொழுப்பும் தீட்டும்: 1857இன் தோட்டாவைப் பிரித்துப் பார்த்தல்

1857 பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்த யாரைக் கேட்டாலும் ஒரு வரி தயாராகச் சொல்வார்கள். பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவிய தோட்டாவைப் பல்லால் கடிக்கச் சொன்னான் வெள்ளைக்காரன். இந்து சிப்பாயும் முஸ்லிம் சிப்பாயும் பொங்கி எழுந்தார்கள். அவ்வளவுதான். செத்த மாட்டை உரித்தவன் யார், கொழுப்பை உருக்கியவன் யார், வெடியுப்பு காய்ச்சியவன் யார் என்று எந்த வாத்தியாரும் சொன்னதில்லை. தேசிய வரலாற்றில் கொழுப்புக்கு இடம் உண்டு. கொழுப்பெடுத்த கைக்கு இடம் கிடையாது.

முதலில் துப்பாக்கியைப் பார்ப்போம். 1853ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு துப்பாக்கி வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் வகை. பழைய துப்பாக்கியின் குழல் உள்ளே வழவழப்பாக இருக்கும். இதன் குழலில் திருகலாக வரிப்பள்ளங்கள் வெட்டியிருந்தார்கள். குண்டு சுழன்றுகொண்டு போகும், குறி தப்பாது. ஆனால் குண்டு குழலோடு ஒட்டினாற்போல் இருந்தால்தான் சுழலும். கருமருந்து வெடித்தால் குழலுக்குள் கரி படியும். நாலு தடவை சுட்டால் அடுத்த குண்டு இறங்காது. அதனால்தான் மசகு வேண்டியிருந்தது. மருந்தும் குண்டும் வைத்துச் சுருட்டிய காகிதத் தோட்டாவில், குண்டு இருக்கும் முனையில் கொழுப்பும் தேன்மெழுகும் கலந்து தடவினார்கள். வழுக்கிக்கொண்டு இறங்கும், படிந்த கரியையும் இளக்கும். மறுமுனையைப் பல்லால் கிழித்து மருந்தைக் குழலில் கொட்டவேண்டும். கொழுப்பு மட்டும் என்றால் வெயிலில் உருகி ஓடிவிடும். மெழுகு அதைப் பிடித்து நிறுத்தும்.

இதில் நமக்குப் புரியாத வித்தை எதுவுமில்லை. வைக்கோலைக் கரித்து ஆமணக்கெண்ணெயில் குழைத்து வண்டி அச்சுக்கு மை போட்ட சனங்கள் நாம். கமலைத் தோல் வெடிக்காமலிருக்க எண்ணெய் ஊறவைத்தவர் எங்க தாத்தா. “தோலுக்கும் இரும்புக்கும் பசி உண்டுடா, எண்ணெய் காட்டினாத்தான் வேலை செய்யும்” என்பார். எதை எதோடு கலந்தால் உறையும், எது உருகும் என்பது அவருக்கு விரல் நுனியில். அந்த அறிவுக்கு ஊரில் வைத்த பேர்தான் தீட்டு.

கொழுப்பு விஷயத்தில் கம்பெனிக்கு எச்சரிக்கை வராமலில்லை. தோட்டாக்களை இந்தியத் தட்பவெப்பத்தில் சோதித்துப் பார்க்க அனுப்பிய 1853இலேயே, வங்காளப் படையின் உயரதிகாரி கர்னல் டக்கர், இந்த மசகு சிப்பாய்களின் சாதியைப் புண்படுத்தாது என்று தெரியாமல் அவர்களிடம் கொடுக்காதீர்கள் என்று எழுதினார். யாரும் காதில் வாங்கவில்லை. பிற்பாடு விசாரித்தபோது, கல்கத்தா ஆயுதக் கிடங்கில் என்ன விலங்கின் கொழுப்பு என்று பார்த்து வாங்க ஏற்பாடே இல்லை என்பது தெரிந்தது.

இப்போது டம்டம்முக்கு வருவோம். கல்கத்தாவுக்குப் பக்கத்தில் இருந்த கிடங்கு அது. 1857 ஜனவரியில் அங்கே வேலை செய்த ஒரு கலாசி, தாழ்ந்த சாதிக்காரர், ஒரு பார்ப்பனச் சிப்பாயிடம் அவன் லோட்டாவிலிருந்து தண்ணீர் கேட்டார். தீட்டாகிவிடும் என்று அவன் மறுத்தான். அதற்குக் கலாசி, இன்னும் கொஞ்ச நாளில் உன் சாதியே போகப்போகிறது, மாட்டுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவிய தோட்டாவை நீ கடிக்கத்தான் போகிறாய் என்றார். ஜனவரி 22ஆம் தேதி லெப்டினன்ட் ரைட் என்ற அதிகாரி மேலதிகாரிக்கு எழுதிய கடிதத்தில் இது பதிவாகியிருக்கிறது. அதிகாரியின் பேர் இருக்கிறது, தேதி இருக்கிறது. கலாசியின் பேர் இல்லை. அவர் சாதி மட்டும் இருக்கிறது.

அரசாங்கம் பதறியது. அந்த மாதம் முடிவதற்குள் உத்தரவு வந்தது: தோட்டாக்களை மசகு தடவாமலே கொடுங்கள், சிப்பாய்கள் தங்களுக்குப் பிடித்ததைத் தாங்களே தடவிக்கொள்ளட்டும். நெய்யும் தேன்மெழுகும் கடைவீதியில் வாங்கிக் குழைத்துக்கொள்ளலாம். என்ஃபீல்டு பயிற்சி நடந்ததே டம்டம், அம்பாலா, சியால்கோட் என்று மூன்று இடங்களில்தான். பிற்பாடு பல்லால் கடிக்கவே வேண்டாம், கையால் கிழித்தால் போதும் என்றும் மாற்றினார்கள்.

இத்தோடு தீர்ந்திருக்க வேண்டுமில்லையா? தீரவில்லை. நெய் தடவலாம் சரி, காகிதம் பளபளக்கிறதே, அதில் என்ன இருக்கிறது என்றார்கள். பிப்ரவரியில் பாரக்பூரில் நடந்த விசாரணையில், காகிதத்தை எரித்தால் கொழுப்பு எரிவதுபோலச் சத்தம் வருகிறது என்று சிப்பாய்கள் சாட்சி சொன்னார்கள். பிப்ரவரி 26இல் பெர்ஹாம்பூரில் 19ஆம் படைப்பிரிவு தோட்டாவை வாங்க மறுத்தது. மார்ச் 29இல் மங்கள் பாண்டே சுட்டார். ஏப்ரல் 8இல் தூக்கிலிட்டார்கள். ஏப்ரல் 24இல் மீரட்டில் 90 குதிரைப்படை வீரர்களில் 85 பேர் தோட்டாவைத் தொடவில்லை. மே 9இல் அவர்களுக்கு விலங்கு பூட்டினார்கள். மறுநாள் மீரட் எரிந்தது.

கொழுப்புதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று நான் சொல்லவில்லை. 1856இல் அவத்தை விழுங்கியது, நிலவரிக் கொடுமை, படிக்காசு வெட்டு, கடல் கடந்தும் போகவேண்டும் என்ற புதிய சேர்க்கைச் சட்டம் எல்லாம் சேர்ந்துதான் வெடித்தது. விவசாயிகளும் கைவினைஞர்களும் செத்திருக்கிறார்கள். ஆனால் தீட்டு எங்கே குடியிருந்தது என்று நாம் கேட்டாக வேண்டும். தோட்டா வைத்த பை தோல். இடுப்பு வார் தோல். குதிரைச் சேணம் தோல். கொட்டிய மருந்தின் வெடியுப்பைப் பீகாரில் மண்ணைக் கரைத்துக் காய்ச்சியவர்கள் நுனியா சாதி மக்கள். இதெல்லாம் உடம்பில் கிடந்தபோது சாதி போகவில்லை. வாய்க்கு வந்தபோதுதான் போனது. உழைப்பை இடுப்பில் கட்டிக்கொள்ளலாம். உழைத்தவனுக்குத் தண்ணீர் மட்டும் தரமுடியாது.

நம்ம பக்கமும் இது நடந்திருக்கிறது. 1806 ஜூலை 10இல் வேலூர்க் கோட்டையில் எழுந்த கலகத்துக்குப் புதிய தலைப்பாகையின் தோல் குஞ்சமும் ஒரு காரணம். ஆனால் இரண்டு படையும் ஒன்றல்ல. வங்காளப் படை அவத், பீகார் பகுதிப் பார்ப்பனர், ராஜபுத்திரர்களால் நிரம்பியது. சென்னைப் படையில் பறையர்களும் பம்பாய்ப் படையில் மகர்களும் நிறைய இருந்தார்கள். 1857இல் இந்த இரண்டு படைகளும் பெரும்பாலும் கம்பெனி பக்கமே நின்றன. நாட்டைப் பிடித்துக் கொடுத்ததிலும் 1857ஐ அடக்கியதிலும் தீண்டப்படாதவர்களின் படைக்குப் பங்குண்டு என்று அம்பேத்கர் எழுதினார். அதற்குக் கிடைத்த கூலி என்ன? 1890களில் ‘போர்க்குணச் சாதி’ என்ற கோட்பாட்டைக் காட்டி மகர்களுக்குப் படையின் கதவை அடைத்தார்கள். அம்பேத்கரின் தகப்பனார் சுபேதாராக இருந்த படை அது.

வட இந்தியத் தலித் மக்கள் அந்தக் கலாசிக்கு மாதாதீன் பங்கி என்று பேர் வைத்திருக்கிறார்கள். 1857இன் முதல் பொறி அவர்தான் என்கிறார்கள். ஜான்சியின் ஜல்காரிபாய், லக்னோவின் உதாதேவி பாசி ஆகியோரோடு அவரும் சிறு பிரசுரங்களிலும் விழாக்களிலும் வாழ்கிறார். ஆவணத்தில் இல்லாத பேர் என்று தள்ளுகிற சரித்திரக்காரர்கள், அந்தப் பேரை எழுதாமல் விட்டது யார் என்று ஏன் கேட்பதில்லை?

அதே சமயம் எனக்கொரு தயக்கம் உண்டு. அவர்களுடைய தேசியக் கதைக்குத் தீக்குச்சி கொளுத்திக் கொடுத்தவராக மட்டும் மாதாதீனை நிறுத்திவிடக் கூடாது. அவர் கேட்டது விடுதலைப் போர் அல்ல, ஒரு வாய் தண்ணீர். 70 வருஷம் கழித்து, 1927 மார்ச் 20இல், மகாடு சவதார் குளத்தில் அம்பேத்கர் தலைமையில் இறங்கி அள்ளிக் குடித்தார்களே, டம்டம் கலாசியின் உண்மையான வாரிசுகள் அவர்கள்தான். கலாசியின் வரலாற்றை நாம் மீரட்டோடு மட்டும் கட்டாமல் மகாடோடும் கட்டவேண்டும்.

மாணவர்களுக்கும் தோழர்களுக்கும் ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் ஊரில் தோல் பதனிட்டவர்கள், கமலைத் தோல் தைத்தவர்கள், வண்டி மை குழைத்தவர்கள், கொழுப்பு உருக்கியவர்கள் இன்னும் ஒரு சிலர் உயிரோடு இருப்பார்கள். போய் உட்கார்ந்து கேளுங்கள். எந்த எண்ணெய், எவ்வளவு, எத்தனை நாள் ஊறவேண்டும், கூலி என்ன கொடுத்தான், தண்ணீர் எதில் ஊற்றினான் எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். சொன்னவர் சம்மதித்தால், சாதிக்கு முன்னால் அவர் பேரை எழுதுங்கள்.