விஸ்கான்சின் வரலாற்றுச் சங்கம்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநில வரலாற்று ஆவணங்களைத் திரட்டிப் பாதுகாக்கும் அமைப்பு. உறுப்பினர் சங்கமாகவும் அரசு நிறுவனமாகவும் ஒருங்கே இயங்குகிறது. தலைமையகம் மேடிசன்.

விஸ்கான்சின் மாநிலத் தகுதி பெறுவதற்கு (1848) ஈராண்டு முன்னரே, 1846இல் நிறுவப்பெற்றது. 1853இல் பட்டயம் பெற்றது. ஆயினும் உண்மையான வளர்ச்சி 1854இல் செயலாளரான லைமன் டிரேப்பருடனேயே தொடங்குகிறது. இவர் எல்லைப்புறக் குடியேறிகளின் கடிதங்கள், நினைவுக்குறிப்புகளைத் தேடித் தொகுத்தவர். எல்லைப்புற முன்னோடி டேனியல் பூன் தொடர்பான தாள்களும் அவற்றுள் அடங்கும். அடுத்துப் பொறுப்பேற்ற ரூபன் கோல்டு துவெய்ட்ஸ் (1887–1913) நூலகத்தையும் பதிப்புப் பணியையும் விரிவாக்கினார்.

தேவாலய அடித்தளத்தில் ஒருகாலத்தில் வைக்கப்பட்டிருந்த சேகரம், பின்னர் மாநிலச் சட்டமன்ற மாளிகைக்கு மாறியது. அங்கும் இடநெருக்கடி, தீ அச்சம் வேறு. எனவே விஸ்கான்சின் பல்கலைக்கழக வளாகத்தில் ஃபெர்ரி, கிளாஸ் என்னும் கட்டடக் கலைஞர்களின் வடிவமைப்பில் தனிக் கட்டடம் எழுந்து, 1900 அக்டோபரில் திறக்கப்பட்டது. சுண்ணாம்புக்கல் முகப்பில் அயோனியத் தூண்வரிசை, உள்ளே மொசைக் தளம், உயர்கூரை வாசிப்பறை ஆகியன இதன் சிறப்புகள். 1904 பிப்ரவரியில் பழைய சட்டமன்ற மாளிகை தீக்கிரையானபோது சேகரம் அங்கு இல்லை. 1953 வரை பல்கலைக்கழக நூலகமும் சங்கத்தின் புதிய கட்டடத்திலேயே இயங்கியது.