நெடுந்தீவுக்குப் போகும் வழி

வரும் சித்திரையில் நெடுந்தீவிலுள்ள பெரியம்மாவைப் பார்க்கப் போவதென முடிவெடுத்திருக்கிறோம். வாடைக்காற்று ஓய்ந்து சோளகம் கிளம்புவதற்கு முந்திய அந்த இடைக்காலத்தில்தான் கடல் சற்று அடங்கியிருக்கும். பயணத்திற்கு இன்னும் நாட்கள் கிடக்க, நாமோ இப்போதே அத்தீவின் வரலாற்றைப் புரட்டத் தொடங்கிவிட்டோம்.

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம் கடந்து, வேலணை, புங்குடுதீவு வழியே குறிகாட்டுவான் துறைவரை தரைவழி உண்டு. அதற்கப்பால் ஏறத்தாழ ஒரு மணி நேரப் படகுப் பயணம். அந்த ஒரு மணி நேரமே நெடுந்தீவின் வரலாற்றைப் பெரிதும் தீர்மானித்தது எனலாம்.

அங்கு வந்த அந்நியர் ஒவ்வொருவரும் தாம் விரும்பியதையே அத்தீவில் கண்டனர். 1619இல் யாழ்ப்பாண அரசைத் தமதாக்கிக்கொண்ட போர்த்துக்கீசர் அதைப் பசுக்களின் தீவு என்றழைத்தனர். 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தரோ தம் நாட்டு நகரங்களின் பெயர்களை இத்தீவுகளுக்குச் சூட்டினர். வேலணை லெய்டன் ஆனது. காரைதீவு ஆம்ஸ்டர்டாம் ஆனது. நெடுந்தீவு டெல்ஃப்ட் ஆனது. ஏனைய பெயர்கள் வழக்கொழிந்தன. டெல்ஃப்ட் மட்டும் ஆங்கில ஆவணங்களில் இன்றளவும் நிலைத்திருக்கிறது. ஆங்கிலேயர் காலத்தில் அங்கே குதிரைகள் வளர்க்கப்பட்டன. வளர்த்தவர்கள் போய்விட்டனர். குதிரைகளின் வழித்தோன்றல்கள் காட்டுக் குதிரைகளாகி, கோடைதோறும் நீருக்கு அலைகின்றன.

தீவு மக்கள் வைத்த பெயரோ நிலத்தின் வடிவத்திலிருந்து பிறந்தது. நெடிய தீவு, நெடுந்தீவு. கிடைத்த பவளக்கற்களை அடுக்கி வேலி கட்டினார்கள். பனையை நம்பி வாழ்ந்தார்கள். நன்னீர்க் கிணற்றைச் செல்வமாகக் காத்தார்கள்.

இவ்வரலாற்றில் நாம் எளிதாகக் கடக்க இயலாத ஒரு பக்கமும் உண்டு. 1985 மே 15ஆம் நாள், நெடுந்தீவிலிருந்து குறிகாட்டுவானுக்கு வந்துகொண்டிருந்த குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டது. பெண்களும் குழந்தைகளும் உட்படக் குறைந்தது 23 பேர் வெட்டியும் குத்தியும் கொல்லப்பட்டனர். அதைச் செய்தவர்கள் கடற்படையினரே என உயிர்தப்பியோர் சாட்சியம் கூறினர். அப்படகு பின்னரும் பல்லாண்டுகள் அதே வழியில் ஓடியது. அதில் எப்படி ஏறினீர்கள் என்று பெரியம்மாவிடம் ஒருமுறை கேட்டோம். "வேறை படகு எங்கை இருந்தது?" என்றார். அதற்குமேல் நாம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பெரியம்மாவுக்கு வயது எண்பதைக் கடந்துவிட்டது. பிள்ளைகள் கடல்கடந்து போய்விட்டார்கள். திடீரென நோய்வாய்ப்பட்டால் பெரிய மருத்துவமனைக்குச் செல்லவும் இக்கடலைத்தான் தாண்ட வேண்டும். ஆகவே, இம்முறை அவரை எப்படியாவது எம்மோடு அழைத்துவந்துவிடுவது என்பதே எம் எண்ணமாக இருந்தது. அதற்கான காரணங்களையெல்லாம் வரிசைப்படுத்தியும் வைத்திருந்தோம்.

வரலாற்றைப் படிக்கப் படிக்க அவ்வுறுதி தளர்ந்தது. பெயர் சூட்டியவர்கள் எல்லோரும் போய்விட்டனர். பெயரின்றி வாழ்ந்தவர்களே தீவைக் காத்தனர். அவ்வரிசையில் வந்த ஒருவரை, அவர் நன்மைக்கென்றே ஆயினும், வேலியைத் தாண்டி வரச்சொல்ல எமக்கு என்ன உரிமை? ஆயினும், ஒரு நள்ளிரவில் அவருக்கு மூச்சுத் திணறினால் இந்த நியாயம் எதற்கு உதவும்? இவ்விரண்டு கேள்விகளில் ஒன்றை மட்டும் சுமந்துகொண்டு படகேற எம்மால் இயலவில்லை.

எனவே, வரிசைப்படுத்திய காரணங்களை வீட்டிலேயே விட்டுச் செல்கிறோம். முதலில் அவர் கையால் வார்க்கும் பாலைக் குடிப்போம்; பிறகு அவர் என்ன நினைக்கிறார் என்று கேட்போம். இத்தனை ஆண்டுகளில் அந்தக் கேள்வியை நாம் ஒருமுறையேனும் கேட்டதில்லை.