பல்லிக்குப் பலன் சொல்வார் யார்?

பல்லியோடு தமிழர் கொண்ட உறவு இன்று நேற்று ஏற்பட்டதன்று. பொருள் தேடப் பிரிந்து சென்ற தலைவன் வருவானா, வாரானா என்று கலங்கிய தலைவிக்குச் சுவரிலிருந்து ஒலித்த பல்லியின் குரலே ஆறுதல் தந்தது. அகநானூற்றிலும் நற்றிணையிலும் கலித்தொகையிலும் பல்லியின் சொல் நிமித்தமாகக் கொள்ளப்படுவதைக் காணலாம். பிற்காலத்தில் இந்நம்பிக்கை கௌளி சாத்திரமாக விரிந்தது. தலையில் விழுந்தால் இன்ன பலன், தோளில் விழுந்தால் இன்ன பலன் என்று பஞ்சாங்கங்கள் பட்டியலிட்டன. காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலின் விதானத்தில் பொற்பல்லியும் வெள்ளிப்பல்லியும் அமைந்துள்ளன. பல்லி விழுந்த தோசம் நீங்குமென்று அவற்றைத் தொட்டு வணங்குவோர் இன்றும் உளர்.

கடல் கடந்து ஜொகூரின் இரப்பர்த் தோட்டங்களுக்கு வந்த தமிழர், பஞ்சாங்கத்தோடு இந்நம்பிக்கையையும் கொண்டு வந்தனர். லயத்து வீட்டுச் சுவரில் பல்லி ஒலித்தால், பேசிக்கொண்டிருந்த பேச்சை நிறுத்தி, சுவரை விரலால் தட்டி, "பல்லியே சொல்லிவிட்டது" என்று மகிழ்வது வழக்கமாயிற்று. ஆயினும் பழமொழியொன்று இந்நம்பிக்கையை எள்ளி நகைக்கின்றது. ஊருக்கெல்லாம் குறி சொல்லும் பல்லி, தான் மட்டும் கழுநீர்ப் பானையில் துள்ளி விழுமாம்! நகைப்புக்காகச் சொல்லப்பட்டதாயினும் இதனுள் ஓர் உண்மை பொதிந்துள்ளது. மனிதன் பல்லியிடம் தன் எதிர்காலத்தைக் கேட்டானேயன்றி, பல்லியின் எதிர்காலத்தைப் பற்றி நெடுங்காலம் எண்ணிப் பார்க்கவில்லை. பல்லியின் வரலாறு பெரும்பாலும் அதனைப் பிறர் பயன்படுத்திக்கொண்ட வரலாறே.

பல்லியைக் குறிக்க ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் 'கெக்கோ' என்னும் சொல், பெரும்பல்லியின் குரலைப் போன்றொலிக்கும் மலாய்ச் சொல்லிலிருந்து சென்றது என்பர். பத்தேவியாவில் மருத்துவராகப் பணியாற்றி 1631-இல் மறைந்த டச்சுக்காரர் யாக்கோபுஸ் போந்தியுஸ், அப்பல்லியின் கடி கொடிய நஞ்சுடையது என்று எழுதி வைத்தார். அஃது உண்மையன்று, வலிமையாகக் கவ்வுமேயன்றி அதனிடம் நஞ்சில்லை. 1758-இல் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் அதற்கு அறிவியற் பெயரிட்டார். 1847-இல் தியோடர் காண்டர் மலாயாத் தீபகற்பத்து ஊர்வனவற்றைப் பட்டியலிட்டார். அச்சத்தின் இடத்தில் அறிவு மெல்ல மெல்ல அமரலாயிற்று.

ஆயினும் பழைய மருட்சி புதிய வேடம் புனைந்து வந்தது. தோக்கே எனப்படும் அப்பெரும்பல்லியை உலர்த்தி, இருமலுக்கும் இளைப்புக்கும் மருந்தாக்குவது சீன மருத்துவத்தின் பழைய வழக்கம். 2009-ஆம் ஆண்டையொட்டி, அது எய்ட்ஸ் நோயைத் தீர்க்கும் என்னும் வதந்தி மலேசியாவிலும் அண்டை நாடுகளிலும் காட்டுத்தீப் போலப் பரவியது. எடை மிகுந்த பல்லிக்கு நம்ப முடியாத விலை பேசப்பட்டது. உழைத்துச் சேர்த்த பணத்தை அதில் இழந்தோரும் உண்டு. 2011-இல் பிலிப்பைன்ஸ் நாட்டுச் சுகாதாரத் துறை, இதற்கு எவ்விதச் சான்றும் இல்லை என்றும், இதனை நம்பி முறையான சிகிச்சையைக் கைவிடுவது உயிருக்கு இடர் என்றும் எச்சரித்தது. வனவிலங்கு வணிகத்தை ஆராயும் டிராபிக் அமைப்பு, மலேசியாவில் பரவிய இம்மருத்துவக் கூற்றுகளை ஆய்ந்து 2013-இல் அறிக்கை வெளியிட்டது.

சட்டமும் விழித்துக்கொண்டது. 1972-ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு மாற்றாக வந்த 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், தோக்கேயைப் பாதுகாக்கப்பட்ட உயிரினங்களுள் ஒன்றாக்கியது. உரிமமின்றி அதனைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றமாயின. 2019-இல் அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தை நெறிப்படுத்தும் உலக உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலிலும் அது சேர்க்கப்பட்டது.

விலங்குகளை அடைத்து வைத்துக் காணும் வழக்கம் ஜொகூருக்குப் புதிதன்று. சுல்தான் இப்ராகிம் 1928-இல் ஜொகூர் பாருவில் அமைத்த விலங்குத் தோட்டம் 1962-இல் மாநில அரசின் பொறுப்புக்கு வந்தது. அன்று அரசர் செய்ததை இன்று எளியோரும் ஒரு கண்ணாடிப் பெட்டியளவில் செய்கின்றனர். அப்பெட்டியில் பெரும்பாலும் இடம்பெறுவது சிறுத்தைப் பல்லி. கல்கத்தாவில் ஆசியக் கழகத்தின் அருங்காட்சியகத்தைக் காத்துவந்த எட்வர்டு பிளைத் 1854-இல் இதனை விவரித்தார். ஆப்கானிஸ்தானம், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகிய வறண்ட நிலங்களே இதன் தாயகம். சுவரேறும் ஆற்றல் இதற்கில்லை. பெரும்பாலான பல்லிகளுக்கில்லாத அசையும் இமைகள் இதற்கு உண்டு. நன்கு பேணினால் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது.

முட்டையினின்று வெளிவரும் குஞ்சின் எடை ஏறத்தாழ மூன்று கிராமே. இத்துணைச் சிறிய உயிரின் பிணியை எவ்வாறு அறிவது? அது குரலெழுப்பி முறையிடாது. தன்னைத் தின்ன வருவன பல இருப்பதால் நோயை மறைத்துக்கொள்வதே அதன் இயல்பு. எனவே வளர்ப்பவரே குறி பார்க்க வேண்டும். கொழுப்பைச் சேமித்து வைக்கும் களஞ்சியம் அதன் வால். பருத்த வால் நலத்தின் அடையாளம். நாளுக்கு நாள் மெலியும் வால் முதல் எச்சரிக்கை. தாடை நெகிழ்வதும், கால்கள் வளைவதும், உடலைத் தரையினின்று தூக்க இயலாமல் இழுத்து நடப்பதும், தசை துடிப்பதும் எலும்பு நோயின் குறிகள்.

இந்நோயின் வரலாறு மனிதக் குழந்தைகளின் வரலாற்றோடு பின்னிக் கிடக்கின்றது. முதல் உலகப் போருக்குப் பின் பசியில் வாடிய பெர்லின் நகரக் குழந்தைகள் பலர், எலும்பு வளையும் ரிக்கெட்ஸ் நோய்க்கு ஆளாயினர். மருத்துவர் கூர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி 1919-இல் புறஊதாக் கதிர் விளக்கொளியில் அவர்களை இருத்தி நலம் பெறச் செய்தார். 1922-இல் அமெரிக்க அறிஞர் மெக்கல்லம் வைட்டமின் 'டி' என்னும் சத்தை இனங்கண்டார். சுண்ணாம்புச் சத்தை உடல் ஏற்க அச்சத்து இன்றியமையாதது. குழந்தைக்கு உரிய அவ்வுண்மை பல்லிக்குஞ்சுக்கும் உரியது. வெட்டுக்கிளியிலும் பாச்சையிலும் சுண்ணாம்புச் சத்துக் குறைவு. ஆகவே அவற்றின்மீது சுண்ணாம்புச் சத்துத் தூளைத் தூவி ஊட்டுவதும், வைட்டமின் 'டி3' அளவறிந்து தருவதும், தேவைப்படின் புறஊதா விளக்கமைப்பதும் வழக்கமாயின. அளவு மிகினும் கேடே விளையும்.

ஜொகூரின் தட்பவெப்பமும் கருதத்தக்கது. வறண்ட நிலத்துக்குரிய இப்பல்லி, ஆண்டு முழுதும் ஈரம் தோய்ந்த காற்றில் வாழ நேர்கின்றது. காற்றோட்டமற்ற பெட்டியில் மூச்சு நோய் எளிதில் பற்றும். மறுபுறம் குளிர்சாதன அறையில் வைத்தாலோ உண்ட உணவு செரியாது. தன் உடலில் வெப்பத்தை உண்டாக்கிக்கொள்ள இயலாத உயிர் அது. பெட்டியின் ஒரு பக்கம் 30 முதல் 32 பாகை வெப்பமும், மறுபக்கம் அதனினும் குறைந்த வெப்பமும் இருத்தல் வேண்டும். தோலுரிக்கும் காலத்தில் ஒதுங்க ஈரமான சிறு மறைவிடமும் தேவை. உரியாத தோல் விரலைச் சுற்றி இறுகினால், குருதியோட்டம் தடைப்பட்டு விரலே உதிர்ந்துவிடும். குஞ்சுகளுக்கு மணற்படுக்கை ஆகாது. விழுங்கிய மணல் குடலை அடைக்கும். தாளே போதுமானது.

வால் மெலிவதற்குக் கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒட்டுண்ணியும் காரணமாகலாம். அது பிறவற்றிற்கும் தொற்றும்; உறுதியான மருந்தும் இல்லை. ஆதலின் புதிதாக வந்த பல்லியைத் தனியே வைப்பதும், வாரந்தோறும் நிறுத்துப் பார்ப்பதும், எடை குறையின் ஊர்வனவற்றை அறிந்த கால்நடை மருத்துவரிடம் எச்சத்தோடு கொண்டு செல்வதும் கடமையாகும். மனிதர்க்குரிய மருந்தைத் துளித்துளியாக ஊட்டிப் பார்ப்பது கொலைக்கு ஒப்பாகும். பல்லியைத் தொட்ட கையைக் கழுவுதலும் தேவை. சால்மோனெல்லாக் கிருமி சிறுவரை எளிதில் தாக்கும்.

வளர்ப்புப் பல்லிக்குப் பெட்டி இல்லமாகலாம். காட்டுப் பல்லிக்கு அது சிறையே. ஜொகூர் மாநிலத்தின் காடுகளிலும் தீவுகளிலும் வேறெங்கும் காணக் கிடைக்காத பல்லியினங்கள் உள்ளன. பூலாவ் ஆவுரில் 2003-இலும் 2005-இலும், பூலாவ் பெமாங்கிலில் 2006-இலும், குனோங் பந்தி மலையில் 2008-இலும் அறிவியலுக்குப் புதியனவான பல்லிகள் விவரிக்கப்பட்டன. பல நூற்றாண்டுகள் யார் கண்ணிலும் படாமல் வாழ்ந்தவை அவை. அவற்றைப் பேணும் முறை ஒன்றே: இருக்கும் இடத்தில் இருக்க விடுவது.

ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் பல்லியின் குரலுக்குப் பொருள் கண்டவன் மனிதன். அதன் மெலிந்த வாலுக்கும் வளைந்த காலுக்கும் பொருள் காண அவன் கற்றது அண்மையில்தான். கழுநீர்ப் பானையில் விழும் பல்லிக்குத் தன் பலன் தெரியாது, அருகிலிருப்பவருக்குத் தெரியும். தெரிந்தவர் கை நீட்டித் தூக்கிவிடுவதே அறம்.