குதிரைமேல் வந்த வாத்தியார்

லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் அபே என்று ஒரு பழைய தேவாலயம். ராஜாக்களையும் மேதைகளையும் அடக்கம் செய்கிற இடம். நியூட்டன் அங்கேதான் இருக்கிறார். அதே கூரையின்கீழ் ஒரு பள்ளிக்கூடக்காரருக்கும் இடம் கிடைத்திருக்கிறது. பெயர், ஆண்ட்ரூ பெல். அவரை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது எது தெரியுமா? நம்ம ஊர் மணல்.

பெல் ஸ்காட்லாந்துக்காரர். பாதிரியார். 1787-ல் மெட்ராஸில் வந்து இறங்கினார். இரண்டு வருடம் கழித்து எழும்பூரில் ஓர் அநாதை விடுதி ஆரம்பித்தார்கள். கம்பெனி ராணுவத்தில் இருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கும் உள்ளூர்ப் பெண்களுக்கும் பிறந்து, கேட்க நாதியில்லாமல் நின்ற பையன்களுக்கான விடுதி. அதன் பள்ளிக்கூடப் பொறுப்பு பெல்லிடம் வந்தது.

பொறுப்பு வந்ததே தவிர, படிப்பு வரவில்லை. அட்சரம் கற்றுக்கொள்வதற்கே மாதக்கணக்கில் ஆனது. வேலைக்கு இருந்த வாத்தியார்களோ 'இந்தப் பசங்களுக்கு இவ்வளவுதான் வரும்' என்கிற ரகம்.

ஒருநாள் காலை. பெல் குதிரைச் சவாரி போகிறார். வழியில் ஒரு 'மலபார்' பள்ளிக்கூடம். குழம்ப வேண்டாம். அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் தமிழர்களை அப்படித்தான் சொல்வார்கள். நம்முடைய திண்ணைப் பள்ளிக்கூடம்தான் அது. பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து, மணலைப் பரப்பி, விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். எழுதுவது, அழிப்பது, மறுபடி எழுதுவது. காகிதம் இல்லை, மை இல்லை, காலணா செலவில்லை. பெல் குதிரையைத் திருப்பிக்கொண்டு, 'கண்டுபிடித்துவிட்டேன்!' என்று கத்தியபடி வீட்டுக்குப் பறந்தாராம்.

மறுநாளே மணல் வந்தது. ஆனால் வாத்தியார் ஒத்துழைக்கவில்லை. இதெல்லாம் நடக்காது என்று கையை விரித்துவிட்டார். பெல் பார்த்தார். ஜான் ஃபிரிஸ்கென் என்று ஒரு பையன், ஒரு சாதாரணச் சிப்பாயின் மகன், வயது எட்டு. அவனைக் கூப்பிட்டு, 'சின்னப் பசங்களுக்கு நீயே சொல்லிக்கொடு' என்றார். பையன் சொல்லிக்கொடுத்தான். பெரியவர்களால் ஆகாதது அவனால் ஆனது. கொஞ்ச நாளில் பள்ளிக்கூடம் முழுக்கவே பையன்கள் பையன்களுக்குப் பாடம் நடத்த ஆரம்பித்தார்கள்.

1796-ல் பெல் ஊர் திரும்பினார். மறுவருடம் இதையெல்லாம் ஒரு சின்னப் புத்தகமாகப் போட்டார். 1798-ல் லண்டனில் ஜோசப் லங்காஸ்டர் என்கிற இளைஞர் இதே பாணியில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். அப்புறம் என்ன? காட்டுத்தீ. இங்கிலாந்து, நியூயார்க், தென் அமெரிக்காவின் காரகாஸ் வரைக்கும் போனது. அதற்கு வைத்த பெயரே 'மெட்ராஸ் சிஸ்டம்'. கூடவே பெல்லுக்கும் லங்காஸ்டருக்கும் ஒரு பெரிய சண்டை. விஷயம், யார் கண்டுபிடித்தது என்பது. நீயா, நானா?

இரண்டு பேருமே இல்லை என்பதுதான் விசேஷம்.

மணல் மட்டும்தான் திண்ணையிலிருந்து எடுத்தது, பையனை வாத்தியாராக்கியது என் சொந்த யோசனை என்பது பெல்லின் வாதம். ஆனால், நன்றாகப் படிக்கிற பையன் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது நம்மிடம் புது விஷயமா? அதற்கு ஒரு வார்த்தையே உண்டே. சட்டாம்பிள்ளை! 1623-லேயே பியேத்ரோ டெல்லா வாலே என்கிற இத்தாலிய யாத்ரீகர், கன்னட தேசத்தில் ஒரு கோயில் முகப்பில் நான்கு பையன்கள் மணலில் கணக்கு எழுதிப் பாடிப் படித்ததைப் பார்த்திருக்கிறார். பக்கத்தில் வாத்தியாரே இல்லை. தப்பு வந்தால் யார் திருத்துவார் என்று கேட்டதற்கு, நாலு பேருக்குமா ஒரே நேரத்தில் மறந்துபோகும் என்று பதில் வந்ததாம். 1814-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் டைரக்டர்களே, இது இந்தியாவில் காலம்காலமாக இருக்கிற முறை, பெல் மூலமாக நம் நாட்டுக்கு வந்தது என்று கடிதத்தில் ஒப்புக்கொண்டார்கள். 1823-ல் பெல்லாரி கலெக்டர் கேம்ப்பெல்லும் அதையே எழுதினார்.

சரி, பெருமைப்பட்டுக்கொண்டு எழுந்துவிடலாமா? உட்காருங்கள். கொஞ்சம் கணக்குப் பார்ப்போம்.

1822-ல் கவர்னர் தாமஸ் மன்றோ மெட்ராஸ் மாகாணம் முழுக்க ஒரு கணக்கெடுப்பு நடத்தச் சொன்னார். 12,498 பள்ளிக்கூடங்கள், சுமார் 1,88,000 பிள்ளைகள் என்று வந்தது. வகுத்துப் பாருங்கள். பள்ளிக்கு 15 பேர். பதினைந்து பேரில் எவனுக்கு எது வரும், எது வராது என்று வாத்தியாருக்கு அத்துப்படியாக இருக்கும். சட்டாம்பிள்ளை அவருக்கு ஒத்தாசை, அவ்வளவுதான். இங்கிலாந்தில் என்ன செய்தார்கள்? ஒரே வாத்தியார் ஆயிரம் பேரைச் சமாளிக்கலாம் என்றார் லங்காஸ்டர். கவிஞர் கோல்ரிட்ஜ் இந்த முறையை நீராவி இயந்திரத்தோடு ஒப்பிட்டுப் புகழ்ந்தார். தொழிற்சாலை மாதிரி வரிசை, தொழிற்சாலை மாதிரி சத்தம். ஒத்தாசைக்கு இருந்த ஆளை முதலாளி ஆக்கியாகிவிட்டது. விளைவு? தனக்கே அரைகுறையாகத் தெரிந்ததைப் பையன் அடுத்தவனுக்கு ஒப்பித்தான். நாற்பது, ஐம்பது வருடத்தில் சாயம் வெளுத்தது. 1846-ல் பிரிட்டிஷ் அரசாங்கமே பயிற்சி பெறும் இளம் ஆசிரியர்கள் என்கிற வேறு திட்டத்துக்கு மாறியது.

திண்ணைப் பள்ளிக்கூடம் சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. அங்கே எல்லா ஜாதிப் பிள்ளையும் உட்கார முடியாது. பெண் பிள்ளைகள் மிகச் சொற்பம். பிரம்படிக்கும் பஞ்சமில்லை. வாத்தியாருக்கு மாத வருமானம் 6, 7 ரூபாய்க்கு மேல் கிடையாது என்று மன்றோவே எழுதியிருக்கிறார். அப்படிப்பட்ட வறுமையில் நடந்த ஒரு வகுப்பிலிருந்துதான் உலகம் பாடம் படித்தது.

1832-ல் பெல் காலமானார். சுமார் 1,20,000 பவுண்டு சொத்தைக் கல்விக்கு எழுதிவைத்திருந்தார். அதில் அவர் ஊரான செயின்ட் ஆண்ட்ரூஸில் ஒரு பள்ளிக்கூடம் வந்தது. பெயர் மெட்ராஸ் காலேஜ். இன்றும் நடக்கிறது. அந்த மணலுக்குச் சொந்தக்காரரான திண்ணை வாத்தியாரின் பெயர் மட்டும் பெல்லின் புத்தகத்தில் இல்லை.

பெல்லைத் திட்டி என்ன பிரயோஜனம்? ஓர் ஏழைப் பள்ளிக்கூடத்தைப் பார்த்து, அங்கே கற்றுக்கொள்ள ஏதோ இருக்கிறது என்று நினைத்தாரே, அதற்கே அவருக்கு ஒரு சலாம் போடலாம். அவருடைய வாத்தியார்களுக்கு அந்த மனசுகூட இல்லை. ஆனால் அவர் போகிற போக்கில் பார்த்தார். குதிரை மேலிருந்து பார்த்தால் மணல் தெரியும், விரல் தெரியும். எந்தப் பிள்ளை எங்கே தடுமாறுகிறான், வாத்தியார் எந்த இடத்தில் கிட்டே போகிறார் என்பது தெரியாது.

உங்கள் வீட்டில் ஆசிரியர் யாராவது இருந்தால் இந்தக் கதையைச் சொல்லுங்கள். வசதியில்லாத பள்ளியில் ஒரு டீச்சர் நன்றாகச் சொல்லித்தருகிறார் என்று கேள்விப்பட்டால் போய்ப் பார்க்கட்டும். கடைசி வரிசையில் பிள்ளைகளோடு உட்கார்ந்து, முழுசாக ஒரு வாரம் பார்க்கட்டும். திரும்பி வரும்போது, மறக்காமல் அந்த டீச்சரின் பெயரையும் எழுதிக்கொண்டு வரட்டும்.