ஓய்வுநாள் விளைச்சல் யாருடையது? அவோதா சாரா 22அ-வும் தென்நெல்லைப் பனங்காடும்

தென்நெல்லை இடையன்குடியில் இருந்தபடி மிஷனரி கால்டுவெல் நாடார்களைப் பற்றி எழுதிய நூல் 1849-இல் வெளியானது. அந்நூல் மூட்டிய மனக்கசப்பின் பின்னணியில், 1857-இல் நாசரேத் வட்டாரத்தில் நாடார் கிறிஸ்தவரான சட்டாம்பிள்ளை தனிச்சபை கண்டார். ஞாயிறை விட்டுச் சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கொண்டார். ஆய்வாளர் சிலர் இதை மிஷனரி எதிர்ப்பின் அடையாளம் என்று மட்டுமே படிக்கின்றனர். யூதரல்லாதவர் ஓய்வுநாளில் யூதருக்காகச் செய்யும் வேலை குறித்த சட்டத்தையும் மற்றொரு சாரார் இதே போக்கில், வெறும் சட்டத் தந்திரம் என்று ஒதுக்குகின்றனர். இரு வாசிப்புகளும் பிழைப்பைக் கணக்கில் எடுக்கவில்லை என்பது என் கருத்து.

யூதச் சட்ட விவாதத் தொகுப்பான தல்மூதின் அவோதா சாரா 22அ பகுதியைப் பார்க்கலாம். ஒரு யூதரும் யூதரல்லாதவரும் கூட்டாக ஒரு நிலத்தைப் பயிர் செய்ய எடுக்கிறார்கள். "ஓய்வுநாள் உன் பங்கு, மற்றொரு நாள் என் பங்கு" என்று யூதர் இடையில் சொல்லக் கூடாது. தொடக்கத்திலேயே அப்படிப் பேசியிருந்தால் சொல்லலாம். ஆனால் பிறகு உட்கார்ந்து கணக்குப் பார்த்து ஈடுகட்டினால் அது தடை. இந்தக் கடைசி விதியைத் தந்திரம் என்போர் மேலோட்டமாகக் கடந்துவிடுகின்றனர். நோக்கம் தந்திரமே என்றால் கணக்கைத் தடுக்க வேண்டிய தேவை என்ன? தொடக்க ஒப்பந்தம் ஓய்வுநாள் உழைப்பை யூதரின் பொறுப்பிலிருந்தும் ஆதாயத்திலிருந்தும் சேர்த்தே விலக்குகிறது. பின்னர் ஈடுகட்டினால் விலக்கிய ஆதாயம் புறவாசல் வழியே திரும்பிவிடும்.

அடுத்து வரும் குங்குமப்பூ விவசாயிகள் கதைதான் சர்ச்சைக்குரியது. யூதரல்லாதவர் ஓய்வுநாளிலும் யூதர் ஞாயிறிலும் வேலை செய்தனர். தல்மூது அறிஞர் ராவா அனுமதித்தார், மற்றோர் அறிஞர் ராவினா மேற்சொன்ன விதியைக் காட்டி மறுத்தார், ராவா நாணினார். அவர்கள் தொடக்கத்திலேயே அப்படிப் பேசிக்கொண்டது பின்னரே தெரியவந்தது என்று கதை முடிகிறது. இம்முடிவு ராவாவின் மானத்தைக் காக்கச் சேர்த்த ஒட்டு என்கிறார்கள். இருக்கலாம், கதைக்கு வேறொரு வடிவமும் அங்கேயே தரப்படுவதால் உறுதியாகச் சொல்வதற்கில்லை. ஒட்டாகவே இருக்கட்டும். ஒட்டுப் போட்டவர் எதைத் தேடினார்? அறிஞரின் பெருமையை அல்ல, முன்கூட்டிய ஒப்பந்தத்தையே தேடினார். எதுவும் பேசாமல் தொடங்கிய கூட்டு என்ன ஆகும் என்ற கேள்விக்கு அப்பகுதி தீர்வு சொல்லாமல் விடுவதும் அதே கவலையால்தான் என்று கருதுகிறேன்.

யூதரல்லாதவர் யூதருக்கு முகவராக முடியாது, ஆகவே தடைக்கே இடமில்லை என்ற ஆட்சேபம் இங்கு நிற்காது. முகவர் இல்லையென்றாலும் ஓய்வுநாள் கூலி கூலிதான்; அதைப் பெறுவதே தடை.

இவ்விதியைப் பனங்காட்டில் வைத்துப் பார்த்தால்தான் அதன் கூர்மை புரியும். பருவத்தில் பாளையை அன்றாடம் சீவ வேண்டும். விட்டால் ஊற்று அடைபடும். ஆகவே பனைக்கு ஓய்வுநாள் கிடையாது. ஒரு நாள் பதனீர் மரக்காரருக்கு, மறுநாள் பதனீர் ஏறுகிறவருக்கு என்ற முறை தென்பகுதியில் உண்டு. ஆனால் வாரத்துக்கு நாள் ஏழு என்பதால் சனிக்கிழமை மாறிமாறி இருவர் பங்கிலும் விழும். சனிக்கிழமையை அனுசரிக்கும் மரக்காரருக்கு இம்முறை உதவாது. பருவம் தொடங்கும் முன்பே எல்லாச் சனிக்கிழமைப் பதனீரையும் ஏறுகிறவருக்கே விட்டுவிட வேண்டும், முன்பே பேசாத ஈட்டைப் பின்னர் வேறு நாளில் கேட்கக் கூடாது. முன்பேசிய ஈடு இல்லாவிட்டால் தன் பங்கில் ஏழில் ஒன்றை இழக்கச் சொல்லும் விதியைத் தந்திரம் என்பது எப்படி? அனுசரிப்பவர் ஏறுகிறவராகவே இருந்தால் நிலைமை இன்னும் கடினம்: அந்நாளுக்கு மரத்தை வேறொருவரிடம் ஒப்படைத்து, விளைச்சலையும் மறந்துவிட வேண்டும்.

வாசலிலுள்ள அந்நியனும் இளைப்பாற வேண்டும் என்ற தோராக் கட்டளை இதனால் மீறப்படுகிறது என்பர். ரபிகள் அந்த அந்நியனை யூதரிடையே குடியேறி அவர்கள் நெறியைப் பகுதியேனும் ஏற்றவராகவே கொண்டனர். தன் பங்குக்காகத் தன் விருப்பில் உழைக்கும் கூட்டாளி அவரல்லர்.

சட்டாம்பிள்ளையின் சனிக்கிழமையை ஆராய்வோர் பிரசங்கங்களோடு பாட்டச் சீட்டுகளையும் பதனீர்க் கணக்குகளையும் தேடிப் படிக்க வேண்டும்.